புதன்கிழமை ஸ்விங்

எலச்சிபாளையம்
5-12-2024

அம்மிணி மைதிலிக்கு அப்பா எழுதுவது.

நானும் உன் அம்மாவும் நலமாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று எழுது. இந்த இரண்டு வரி எழுதி முடிப்பதற்குள் காப்பி ஆறிவிட்டது. எழுத்து என்னுடையதுதான். யாரும் எழுதித் தரவில்லை, யாரும் என் கையைப் பிடிக்கவில்லை.

பஞ்சாயத்துப் பள்ளியில் தனப்பிரியா டீச்சர் நடத்தும் முதியோர் வகுப்புக்கு ஏழு மாதமாகப் போகிறேன் என்று போனில் சொன்னேன். நீ சிரித்தாய். போன மாதம் தேர்வு எழுதினேன். நாமக்கல் ரோட்டில் நீ படித்த அதே பெரிய பள்ளிக்கூடத்தில்தான் தேர்வு. பாஸ். சான்றிதழை அம்மா காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள். வருகிறவர்கள் எல்லாம் தேதியைப் பார்ப்பதுபோல அதைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இப்போது கண்ணில் பட்டதை எல்லாம் படிக்கிறேன். நான் முப்பது வருடமாக டீ குடிக்கும் கடைக்கு முருகன் டீ ஸ்டால் என்று பெயர் என நினைத்திருந்தேன். போர்டில் சித்ரா டீ ஸ்டால் என்று இருக்கிறது. கடைக்காரன் சின்னானிடம், "சித்ரா யாருடா?" என்று கேட்டேன். "எம் பொண்டாட்டிங்கண்ணா. இன்னிக்குத்தான் கேக்கறீங்க" என்றான்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நமக்குச் சாப்பிட்டாயா என்பதற்கு மேல் பேச்சு வருவதில்லை. இதில் நான் மெதுவாகச் சொல்லலாம். நீ நடுவில் வைத்துவிட முடியாது.

எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடிவதில்லை. நாற்பது வருடம் ரிக் லாரியோடு ஆந்திரா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று போர்வெல் போட்டுத் திரிந்த உடம்பு. வாசலுக்கும் கொல்லைக்குமாக நடக்கிறேன். "ஊட்டுக்குள்ளயே லாரி ஓட்டறாரு" என்று அம்மா பக்கத்து வீட்டு ஜானகியம்மாளிடம் சொல்கிறாள்.

ஊரில் யாராவது கேட்டால், பெங்களூரில் ஓட்டலில் பாட்டு வாசிக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது என்ன பாட்டு என்று எனக்கே தெரியாது. எழுது. எழுத்துக் கூட்டியாவது படித்துக்கொள்வேன்.

உன் அப்பா
சென்னியப்பன்


பெங்களூரு
19-12-2024

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை எங்கள் டிரம்ஸ்காரன் கதிர்வேலிடம் காட்டினேன். அவனுக்கு ஓமலூர். "எங்கப்பா வாட்ஸப்புல ரோசாப்பூ மட்டுந்தான் அனுப்பறாருக்கா" என்று பொறாமைப்பட்டான். நான் அதை இரண்டு நாள் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன்.

கேட்டீர்கள், சொல்கிறேன். நான் வாசிப்பது சாக்ஸபோன். பித்தளை உடம்பு, வாயில் வைக்கும் இடத்தில் மட்டும் ஒரு நாணல் பட்டை. பள்ளி பேண்டில் நான் ஊதிய கிளாரினெட்டுக்குப் பெரிய அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் வாசிக்கும் இசைக்கு ஸ்விங் என்று பெயர். ஜாஸில் ஒரு வகை. தொண்ணூறு வருடத்துக்கு முன் அமெரிக்காவில் ஜனங்கள் சேர்ந்து ஆடுவதற்காக வாசித்தது. அதில் தாளத்தைச் சமமாக வெட்ட மாட்டோம். ஒன்று நீளம், ஒன்று குட்டை. நொண்டி நடப்பதுபோல இருக்கும், ஆனால் சந்தோஷமான நொண்டி.

ஓட்டல் இல்லை அப்பா. அது நைட் கிளப். ஊரில் எப்படிச் சொன்னாலும் சரி, உங்களுக்குச் சரியாகத் தெரிந்திருக்கட்டும்.

கம்ப்யூட்டர் வேலையை விட்டு எட்டு வருடம் ஆகிறது. இது நான்காவது கிளப். ஒன்றை மூடினார்கள். ஒன்றில் டி.ஜே. வைத்தார்கள். ஒன்றில் சினிமாப் பாட்டு வாசிக்கச் சொன்னார்கள், நானே வெளியே வந்துவிட்டேன். இங்கே இரண்டு வருடமாகப் புதன்கிழமைதோறும் எட்டுப் பேர் வாசிக்கிறோம். இப்போது முதலாளி மார்ச் கடைசி வரை தவணை கொடுத்திருக்கிறார். அதற்குள் ஆடுகிற தளம் நிறைய வேண்டும், இல்லாவிட்டால் புதனும் டி.ஜே.வுக்குப் போய்விடும். ஆடுவதற்கான இசைக்கு யாரும் எழுந்து ஆடவில்லை என்றால் அது எதற்கு என்று கேட்கிறார். அவர் கேட்பதில் தப்பில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

எனக்கும் உட்கார முடிவதில்லை. உங்களிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

அன்புடன்
மைதிலி


எலச்சிபாளையம்
10-1-2025

அம்மிணி மைதிலிக்கு,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். முதல் தடவை எழுத்துக்காக, மற்ற மூன்று தடவை விஷயத்துக்காக. அம்மாவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். நைட் கிளப் என்ற இடத்தில் கொஞ்சம் வேகமாகப் படித்தேன். "அதென்ன, அங்க மட்டும் லாரி பள்ளத்துல எறங்குது" என்று கேட்டுவிட்டாள். பிறகு சொன்னேன். முறத்தை எடுத்து அரிசி புடைத்தாள். புடைத்து முடித்து, "குளிருக்குக் கம்பளி வெச்சிருக்காளான்னு கேட்டு எழுதுங்க" என்றாள்.

இப்போது நல்ல செய்தி. தேர்வு எழுதப் போன அன்று உன் பள்ளிக்கூடத்துச் சுவரில் ஒரு நோட்டீஸ் பார்த்தேன். மேற்கத்திய இசை மற்றும் பேண்டு வாத்திய ஆசிரியர் தேவை, தங்கும் இடம் உண்டு. யாரும் படித்துச் சொல்லாமல் நானாகப் படித்த முதல் நோட்டீஸ் அது. என் கண்ணுக்காகவே ஒட்டியதுபோல இருந்தது. அப்போது ஒன்றும் செய்யவில்லை. உன் கடிதம் வந்து, நான்கு கிளப், மார்ச் கடைசி என்று படித்ததும் பஸ் ஏறிப் போய் விண்ணப்பம் வாங்கி வந்தேன்.

இரண்டு நாள் உட்கார்ந்து நிரப்பினேன். உன் பெயர், பிறந்த தேதி, படிப்பு, வாத்தியம். அனுபவம் என்ற இடத்தில் எட்டு வருடம், நான்கு இடம் என்று எழுதினேன். ஒரு அடித்தல் இல்லை. கடைசியில் கையொப்பம் என்று இருந்தது. எனக்குப் போடத் தெரிந்த கையெழுத்து ஒன்றுதான். சென்னியப்பன் என்று போட்டுவிட்டேன்.

தாளாளர் காளியண்ணன் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "ஏனுங்க, வேலைக்கு வாரது நீங்களா, உங்க புள்ளைங்களா?" என்றார். ஆனால் நீ பழைய மாணவி என்று ஞாபகம் வைத்திருக்கிறார். "ஜூன் மாசம் வந்து சேரட்டுமுங்க. நான் போன் பண்ணிப் பேசிக்கறேன்" என்றார்.

நீ எட்டு வருடம் ஓடியது போதும். இனி வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம்தான். தெற்கு அறையை வெள்ளை அடிக்க அம்மா ஆள் சொல்லியிருக்கிறாள்.

உன் அப்பா
சென்னியப்பன்


பெங்களூரு
21-1-2025

அப்பாவுக்கு,

தாளாளர் பேசினார். பாட்டு ஒன்று எழுதிக்கொண்டிருந்தேன். எனக்கே தெரியாத வேலைக்கு எனக்கு வாழ்த்துச் சொன்னார். நான் "தாங்க்ஸ் சார், யோசித்துச் சொல்கிறேன்" என்று சொல்லி வைத்தேன். அவர் முன்னால் உங்களைக் கேவலப்படுத்த மனம் வரவில்லை.

எனக்கு முப்பத்தாறு வயது. என் விண்ணப்பத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். இந்த மார்ச்சுக்குள் ஒரு தளத்தை நிறைக்கத் தெருத் தெருவாக அலைந்துகொண்டிருக்கிறேன். டான்ஸ் பள்ளிகளுக்குப் போய்க் கெஞ்சுகிறேன். இந்த நேரத்தில் நீங்கள் எனக்கு ஊருக்கு வண்டி பிடித்துக் கொடுக்கிறீர்கள்.

நான் வாசித்து நீங்கள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்காமலேயே போதும் என்கிறீர்கள். ஒரு புதன்கிழமை வந்து பாருங்கள். அப்புறம் எதுவேண்டுமானாலும் சொல்லுங்கள்.

கம்பளி இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

மைதிலி


எலச்சிபாளையம்
18-2-2025

அம்மிணி மைதிலிக்கு,

பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தேன். உன் வீட்டில் மூன்று நாள் இருந்தும் நாம் அந்த வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நேரில் இருந்தாலும் போன் மாதிரிதான் இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

புதன்கிழமை உன் கிளப் வாசலில் நின்ற தர்மபுரிக்கார வாட்டசாட்டமான பையன் என் வேட்டியைப் பார்த்து, "பெரியவரே, வேட்டியோட உள்ள விடமாட்டாங்க" என்றான். எனக்குக் கோபம் வரவில்லை. மத்தியப் பிரதேசத்தில் இந்தி தெரியாமல் பத்து வருடம் வேலை செய்தவன் நான். கதிர்வேல் வந்து சமையல்கட்டு வழியாகக் கூட்டிப்போய் அவன் டிரம்ஸுக்குப் பின்னால் ஒரு பெட்டிமேல் உட்கார வைத்தான். "இது நம்ம சீட்டுங்கய்யா. இங்க வேட்டி, லுங்கி எல்லாம் ஓகேங்க" என்றான்.

அதனால் மற்றவர்கள் உன் முகத்தைப் பார்த்தார்கள், நான் முதுகைப் பார்த்தேன். முதல் இரண்டு பாட்டு எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சந்தையில் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் விலை சொல்வதுபோல இருந்தது. மூன்றாவது பாட்டில் உன் வலது குதிகாலைப் பார்த்தேன். நீளம், குட்டை, நீளம், குட்டை. நீ எழுதிய நொண்டி அதுதான் என்று தெரிந்தது. குதிகாலைப் பார்த்துக்கொண்டே கேட்டேன், எட்டுப் பேரும் ஒரே பேச்சைத்தான் பேசுகிறார்கள் என்று விளங்கியது. என் முழங்கால் என்னைக் கேட்காமல் ஆட ஆரம்பித்தது. உன் அம்மா பார்த்திருந்தால் சிரித்திருப்பாள்.

மேஜைகளில் கூட்டம் இருந்தது. எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார்கள். எழுந்து ஆடியது ஒரே ஒரு ஜோடி, கொஞ்சம் பருத்த மனிதரும் அவர் மனைவியும். நன்றாகத்தான் ஆடினார்கள். யாரும் சேர்ந்துகொள்ளவில்லை என்றதும் கூச்சப்பட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அப்போது உன் தோள் ஒரு விரற்கடை இறங்கியது. பாட்டு இறங்கவில்லை.

இடைவேளையில் நீ வெந்நீர் வாங்கி வாய் கொப்பளித்துத் துப்பினாய். அதில் ரத்தம் இருந்தது. நான் பார்த்ததை நீ பார்க்கவில்லை. கதிர்வேலிடம் கேட்டேன். "ஒதட்டுக்கு உள்பக்கம் பல்லு குத்துமுங்கய்யா. நாலு மணி நேரம் சாதகம் பண்ணுனா அப்படித்தான். அக்கா சொல்லாது. அக்கா இல்லீனா நாங்க எட்டுப் பேரும் எட்டுப் பக்கம் போயிருவமுங்க" என்றான். உன்னையும் சேர்த்துத்தான் எட்டு என்று அவனுக்குக் கணக்கு வரவில்லை. நான் திருத்தவில்லை.

அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். ரத்தத்தைச் சொல்லவில்லை. ஊர்க்காரர்களிடம் இப்போது நைட் கிளப் என்றே சொல்கிறேன். ஜானகியம்மாள் வாயில் விரல் வைத்தாள். வைத்துக்கொள்ளட்டும்.

உன் அப்பா
சென்னியப்பன்


எலச்சிபாளையம்
2-4-2025

அம்மிணி மைதிலிக்கு,

இன்று ஒரு காரியம் செய்தேன். சந்தோஷமாக எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்திலிருந்து உன் பெயருக்கு வேலை உத்தரவு தபாலில் வந்தது. ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டுமாம். பேனாவை எடுத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ரிக்கில் ஒரு வழக்கம் உண்டு. உனக்கு நான் சொன்னதில்லை. எண்ணூறு அடி, தொள்ளாயிரம் அடி போயும் வெறும் புழுதிப் புகைதான் வருகிறது, தண்ணீர் இல்லை என்றால் நிலத்துக்காரர் நம் முகத்தைப் பார்ப்பார். நாம் வேறு பக்கம் பார்க்க வேண்டும். போடு என்றும் சொல்லக்கூடாது, நிறுத்து என்றும் சொல்லக்கூடாது. கெஞ்சுவார்கள், காலைக்கூடப் பிடிப்பார்கள். நாற்பது வருடத்தில் நான் ஒருத்தருக்கும் வாய் திறந்ததில்லை. மண் அவருடையது. பெற்ற மகள் விஷயத்தில் மட்டும் நிறுத்து என்று சொல்லி விண்ணப்பமும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஆகவே ஒரு வெள்ளைத் தாளில், என் மகள் மைதிலிக்கு இந்த வேலை வேண்டாம், வேறொருவருக்குக் கொடுத்து உதவவும் என்று எழுதி நேரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். காளியண்ணன், "நல்லா ரோசனை பண்ணிட்டீங்களா?" என்றார். "ரோசனை பண்ணித்தாங்க எழுதுனேன்" என்றேன்.

இனி உன் வழியில் நான் இல்லை. வாசி.

உன் அப்பா
சென்னியப்பன்


பெங்களூரு
2-4-2025

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் சொன்னால் அழுதுவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

போன புதனோடு முடிந்துவிட்டது. டான்ஸ் பள்ளியிலிருந்து பதினொரு பேர் வந்தார்கள். முதலாளி எண்ணிப் பார்த்தார், போதாது என்றார். நல்லபடியாகத்தான் சொன்னார், கை கொடுத்தார். மறுநாளே டிராம்போன் வாசிக்கும் பையன் கப்பலில் வேலை என்று கிளம்பிவிட்டான். பியானோக்காரர் கல்யாண மண்டபங்களுக்கு வாசிக்கப் போகிறார். நான் ஏழு நாளாகப் பெட்டியைத் திறக்கவில்லை. வாய்ப்புண் ஆறிக்கொண்டிருக்கிறது. அது ஆறுவது நன்றாக இருக்கிறது, அப்பா. அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

ஜனவரியில் உங்களை ரொம்பப் பேசிவிட்டேன். நீங்கள் அன்றைக்குப் பார்த்தது சரியாகத்தான் இருந்திருக்கிறது. ஓரிடத்தில் காலை வைத்து நிற்க ஆசையாக இருக்கிறது. தாளாளரிடம் ஜூன் முதல் தேதி சேர்கிறேன் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். உத்தரவு வந்தால் பத்திரமாக வைத்திருங்கள். வீட்டைக் காலி செய்வதாக இங்கே சொல்லிவிட்டேன். மூட்டை கட்ட ஆரம்பித்தாயிற்று.

அம்மாவிடம் தெற்கு அறை ஜன்னலுக்குக் கொசுவலை போடச் சொல்லுங்கள்.

அன்புடன்
மைதிலி


எலச்சிபாளையம்
9-4-2025

அம்மிணி மைதிலிக்கு,

உன் கடிதமும் என் கடிதமும் வழியில் ஒன்றை ஒன்று கடந்து போயிருக்கின்றன. இதற்குள் என்னுடையது உனக்குக் கிடைத்திருக்கும். நீ போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. எனக்குத் தைரியம் இல்லை.

உன்னுடையதைப் படித்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். காளியண்ணன் எழுந்து நின்றுவிட்டார். "என்னங்க சென்னியண்ணா, போன வாரம் வேண்டாம்னு எழுதிக் குடுத்தீங்க. இந்த வாரம் வேணும்னு வந்து நிக்கறீங்க. தம்மம்பட்டியில இருந்து ஒருத்தரு வந்து உத்தரவும் வாங்கிட்டுப் போயிட்டாருங்க. ரெண்டு கொழந்தைங்க அவருக்கு. நான் என்னன்னு சொல்றது?" என்றார். அவரிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றேன். வெளியே வந்தேன். நோட்டீஸ் ஒட்டியிருந்த இடத்தில் பசை மட்டும் இருந்தது.

உன் அம்மாவிடம் சொன்னேன். "எழுதத் தெரியாதப்ப நீங்க இத்தனை கெடுதல் பண்ணுனதில்லீங்க" என்றாள்.

முதலில் உன்னைக் கேட்காமல் கூப்பிட்டேன். பிறகு உன்னைக் கேட்காமல் விட்டுவிட்டேன். இரண்டு தடவையும் எழுத வருகிறதே என்ற சந்தோஷத்தில் கை முன்னால் போய்விட்டது. வாய் திறக்கக்கூடாது என்ற வழக்கத்தைப் பெரிதாக எழுதிவிட்டு, அதே கையால் உன் கதவைச் சாத்தியிருக்கிறேன்.

வேலை இல்லை. அறை இருக்கிறது. கொசுவலை நேற்று போட்டாயிற்று. வேலை இல்லாமல் வந்தாலும் அது உன் வீடுதான். வராவிட்டாலும் உன் வீடுதான். எதைச் செய் என்று நான் இதில் எழுதவில்லை. திட்டுவதானால் திட்டி எழுது, முழுவதும் படிப்பேன்.

உன் அப்பா
சென்னியப்பன்


பெங்களூரு
27-4-2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் இரண்டாம் தேதிக் கடிதம் வந்தபோது நான் கட்டிய மூட்டைமேல் உட்கார்ந்திருந்தேன். இனி உன் வழியில் நான் இல்லை, வாசி என்று எழுதியிருந்தீர்கள். வாசிக்க இடமும் இல்லை, போக வேலையும் இல்லை. உங்களை இரண்டு நாள் வாய்க்கு வந்தபடி திட்டினேன். கதிர்வேல் நடுவில் ஒரு தடவை, "அக்கா, அய்யா பாவம்" என்றான். அவனையும் சேர்த்துத் திட்டினேன்.

மூன்றாம் நாள் ஒன்று புரிந்தது. எனக்கு ஆத்திரம் இருந்தது, வருத்தம் இல்லை. அந்த வேலை போனதற்கு ஒரு சொட்டுக்கூட அழுகை வரவில்லை. புதன்கிழமை போனதற்குத்தான் இன்னும் வந்துகொண்டிருந்தது. பெட்டியைத் திறந்தேன்.

உங்களால் நல்லது நடந்துவிட்டது என்று நான் எழுதவில்லை. அப்படி நினைத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் செய்தது தப்பு, இரண்டு தடவையும். எனக்கு வேண்டியது என்ன என்பது அதற்கு நடுவில் எனக்குத் தெரிந்தது, அவ்வளவுதான்.

நீங்கள் எழுதிய அந்தப் பருத்த மனிதரைத் தேடிப் பிடித்தேன். பெயர் சந்திரசேகர். கூச்சப்பட்டு உட்கார்ந்தார் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். எனக்கு மேடையிலிருந்து அது தெரியவில்லை, ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அவரும் அவர் மனைவி சுகன்யாவும் இருபது வருடமாக இந்த ஆட்டம் ஆடுகிறவர்களாம். வேறொரு சின்னக் கிளப்பில், மாடியில், ஞாயிறு சாயங்காலம் கேட்டு வாங்கியிருக்கிறேன். மே கடைசி வரை சோதனை. இப்போது ஐந்து பேர்தான் இருக்கிறோம். முதல் அரை மணி நேரம் நாங்கள் மெதுவாக வாசிப்போம், அவர்கள் இருவரும் வந்தவர்களுக்கு அடி எடுத்து வைக்கச் சொல்லித் தருவார்கள். அதன் பிறகுதான் உண்மையான வேகம்.

போன ஞாயிறு முதல் தடவை. இருபத்தாறு பேர் வந்தார்கள். ஒரே ஒருவர்தான் கடைசி வரை உட்கார்ந்திருந்தார், அவருக்குக் காலில் கட்டு. மற்றவர்கள் ஒருவர் காலை ஒருவர் மிதித்தார்கள். நான் வாசித்துக்கொண்டே சிரித்து ஒரு சுரத்தை விட்டுவிட்டேன். கதிர்வேல் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறான். மே முடிந்தால் என்ன ஆகும் என்று தெரியாது. வீட்டுக்காரரிடம் கெஞ்சி, காலி செய்வதைத் தள்ளி வைத்திருக்கிறேன்.

தெற்கு அறையில் அம்மாவைப் படுக்கச் சொல்லுங்கள். வலை வீணாக வேண்டாம்.

எனக்காக இனி யாருக்கும் ஒரு வரி எழுதாதீர்கள் அப்பா, நல்லதோ கெட்டதோ. எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்
மைதிலி